பழைய மோட்டார் சைக்கிளுக்குப் பாகம் கடைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுபது, எழுபது வருடம் ஓடிய வண்டியைப் பிரித்துப் போட்டதும் ஒன்று தெரிந்துவிடும்: தேய்ந்த பாகங்களில் பாதி எங்கும் கிடைக்காது. லேத்தில் கடைசல் பிடித்துத்தான் ஆக வேண்டும். அப்படி முதன்முறை இறங்குகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பதிலில் 'தௌ' என்று வருமிடமெல்லாம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று பொருள், மில்லிமீட்டரில் 0.0254.

எந்தப் பாகத்தை நானே செய்யலாம், எதைத் தொடக்கூடாது?

பாகத்தைக் கையில் எடுத்ததும், 'இது ஓட்டத்தில் உடைந்தால் என்ன ஆகும்?' என்று கேட்டுப் பாருங்கள். ஸ்பேசர், லீவர் பின், ஸ்டாண்டு புஷ் (தண்டு சுழலத் துளைக்குள் பொருத்தும் குழாய்), ஃபுட்ரெஸ்ட் வாஷர் போன்றவை உடைந்தால் வண்டி ஓரமாக நிற்கும், அவ்வளவுதான். இவற்றில் கை பழகுங்கள். முன் சக்கர ஸ்பிண்டில் (சக்கரம் சுழலும் அச்சுத்தண்டு), பிரேக் ஆங்கர் போல்ட், ஸ்டியரிங் ஸ்டெம் உடைந்தால் ஆள் விழுவார். இவற்றையும் கடையலாம். ஆனால் உலோகம் இன்னதென்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும், வேலையும் கைக்கு வந்திருக்க வேண்டும்.

கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு), அதன் பெரிய முனை சுழலும் கிராங்க் பின், கியர் ஆகியவற்றை வீட்டு லேத்தில் செய்ய நினைக்காதீர்கள். கிராங்க் பின்னின் மேல்தோல் கெட்டியாக்கப்பட்டு, அதன்மேல் கிரைண்டிங் செய்யப்பட்டது. ரோலர்கள் நேராக அந்தத் தோலின் மேல்தான் உருள்கின்றன. அளவு சரியாக வந்தாலும் தோல் இல்லாத பின் சீக்கிரமே குழி விழுந்து போகும்.

தேய்ந்த பழைய பாகம் கையில் இருக்கிறது. அதை அளந்து அப்படியே செய்தால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். தேய்ந்த பாகத்தை அப்படியே நகலெடுத்தால் தேய்மானமும் சேர்ந்து நகலாகிவிடும். நமக்கு வேண்டியது தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் அந்தப் பாகம் என்ன அளவில் இருந்தது, எதற்காக அந்த அளவில் இருந்தது என்பது.

ஒரு பின் சக்கர ஸ்பிண்டிலில் நான் இதைக் கற்றேன். பேரிங் உட்காரும் இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்தேன். ஒரு பக்கம் ஓர் அளவு, ஸ்பிண்டிலைக் கால் சுற்றுத் திருப்பினால் வேறு அளவு. எதை நம்புவது? மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல வருடக் கருப்புப் பிசினைத் துணியால் துடைத்தெடுத்தபோது, ஸ்பேசர் குழாய்க்கு அடியில் இருந்த பகுதியில் மோதிர அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. நகத்தால் தேய்த்தால் மெல்லிய சொரசொரப்பு. அது அன்றைய கிரைண்டிங் கல் விட்ட கோடு. எதுவும் உரசாமல், தண்ணீரும் படாமல் இருந்த அந்தப் பட்டையில் எந்தப் பக்கம் திருப்பி அளந்தாலும் ஒரே அளவு வந்தது. முக்கால் அங்குலத்துக்கு அரை தௌ குறைவு. அதுதான் உண்மையான அளவு.

எந்தப் பாகத்திலும் இப்படித் தப்பிய இடம் ஒன்று இருக்கும். சீலுக்கு வெளியே, வாஷருக்கு அடியில், துளையின் வாய்ப்பகுதியில் தேடுங்கள். அளந்த பிறகு பக்கத்தில் இருக்கும் முழு அளவைப் பாருங்கள். 0.7495 அங்குலம் என்று வந்தால் வடிவமைத்தவர் மனதில் இருந்தது முக்கால் அங்குலம். 14.99 மி.மீ. என்று வந்தால் 15. அளவுகளை யாரும் குத்துமதிப்பாகப் போடவில்லை.

இன்னொன்றையும் மறக்காதீர்கள்: தண்டு தேய்ந்திருந்தால் அது நுழையும் துளையும் தேய்ந்திருக்கும். இரண்டும் ஜோடி. துளை முட்டை வடிவத்தில் இருக்கும்போது புதுத் தண்டு மட்டும் போட்டால் ஆட்டம் பாதிதான் குறையும். முதலில் துளையை வட்டமாக்கி, பிறகு அந்தத் துளைக்கு ஏற்ற தண்டைக் கடையுங்கள்.

பாகமே தொலைந்துவிட்டது. மாதிரி இல்லாமல் எப்படிச் செய்வது?

அது உட்காரும் இடம்தான் மாதிரி. துளையின் விட்டம், இரு பக்கச் சுவர்களுக்கு இடையே உள்ள தூரம், எதிர்ப் பாகத்தின் மரை மூன்றையும் அளந்தால் தொலைந்த பாகத்தின் பெரும்பகுதி காகிதத்தில் வந்துவிடும். பேரிங் இருந்தால் வேலை இன்னும் சுலபம், ஏனென்றால் பேரிங்குகள் தர அளவில்தான் வரும். 6203 என்றால் உள் விட்டம் 17, வெளி விட்டம் 40, அகலம் 12 மி.மீ. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் 7/8 அங்குல உள் விட்டம், 2 அங்குல வெளி விட்டம், 9/16 அங்குல அகலம் கொண்ட பேரிங்கை அடிக்கடி பார்க்கலாம். பேரிங் எண் தெரிந்தால் அதில் நுழையும் தண்டின் அளவும் தெரிந்த மாதிரிதான்.

கடைவதற்கு முன் மரத்திலோ நைலானிலோ ஒரு மாதிரி செய்து பொருத்திப் பாருங்கள். தவறு அதில் வெளிப்பட்டுவிட்டால் நல்ல இரும்பு மிச்சம்.

என் வண்டியின் மரை எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விட்டம், அங்குலத்துக்கு எத்தனை மரை, மரையின் கோணம் ஆகிய மூன்றும் தெரிய வேண்டும். முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த மரையின் கோணம் 55 டிகிரி. அதைத் தொடர்ந்து வந்த பிரிட்டிஷ் நுண்மரைக்கும் அதே 55. ஆனால் பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில் நிறைந்து கிடக்கும் சைக்கிள் மரை 60 டிகிரி, பெரும்பாலான அளவுகளில் அங்குலத்துக்கு 26 மரை. கார்புரேட்டர், மின் சாமான்களில் உள்ள சின்ன திருகுகள் பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) வகையாக இருந்தால் கோணம் 47.5 டிகிரி. அமெரிக்க மரையும் மெட்ரிக் மரையும் 60. ட்ரையம்ஃப், பிஎஸ்ஏ வண்டிகள் 1960களின் பிற்பகுதியில் யூனிஃபைடு மரைக்கு (அமெரிக்கா, பிரிட்டன், கனடாவுக்குப் பொதுவான 60 டிகிரி அங்குல மரை) மாறத் தொடங்கின. அதனால் அந்தக் காலத்து வண்டி ஒன்றில் இரண்டு மூன்று வகைகள் கலந்து இருப்பது சாதாரணம்.

குழப்பம் எங்கே வருகிறது என்று பாருங்கள். கால் அங்குல விட்வொர்த்துக்கும் கால் அங்குல யூ.என்.சி.க்கும் (யூனிஃபைடு மரையின் பெருமரை வகை) அங்குலத்துக்கு 20 மரைதான். கோணம் மட்டும் வேறு. நட்டு ஏறிவிடும், ஆனால் மரையின் பக்கங்கள் முழுதாக ஒட்டாது. அரை அங்குலத்தில் விட்வொர்த்துக்கு 12, யூ.என்.சி.க்கு 13, அங்கே ஏறாது. கால் அங்குல சைக்கிள் மரைக்கும் நுண்மரைக்கும் 26தான், கோணம் 60-க்கு 55.

இதைவிட மோசமானது மெட்ரிக் குழப்பம். அங்குலத்துக்கு 26 என்றால் ஒரு மரைக்கு 0.977 மி.மீ. மரை கேஜில் 1 மி.மீ. தகட்டை வைத்தால் நாலைந்து மரை வரை கச்சிதமாக உட்கார்ந்த மாதிரியே இருக்கும். பத்து மரைக்கு வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கடைசிப் பல் கால் மில்லிமீட்டர் விலகி நிற்கும். யாரோ முன்பு இதைப் பார்க்காமல் கால் அங்குலத் துளையில் 6 மி.மீ. போல்ட்டை ஏற்றி இறுக்கியதால்தான், எத்தனையோ எஞ்சின் கேஸ்களில் மரை பாதி உரிந்து கிடக்கிறது.

திறக்கும்போதும் ஒரு எச்சரிக்கை: சக்கர பேரிங்கைப் பிடிக்கும் வளையம் சில வண்டிகளில் இடமரை. வழக்கமான பக்கம் சுற்றி வரவில்லை என்று சுத்தியலை எடுப்பதற்கு முன், தெரியும் மரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

மெட்ரிக் லேத்தில் அங்குல மரை வெட்ட முடியுமா?

முடியும். 25.4 என்பது 127-ஐ 5-ஆல் வகுத்தது. அதனால் 127 பல் கியர் ஒன்று இருந்தால் மிகச் சரியாக வரும். அது இல்லையென்றால் 80-க்கு 63 பல் ஜோடி போதும். பிழை பத்தாயிரத்தில் ஒன்றேகால் பங்கு. ஓர் அங்குல நீள மரையில் அது தெரியவே தெரியாது. டூலை நகர்த்தும் திருகுத்தண்டைப் பிடித்திருக்கும் அரை நட்டை மட்டும் வேலை முடியும்வரை திறக்காதீர்கள். டூலைப் பின்னிழுத்து, மெஷினைத் திருப்பி ஓட்டித் தொடங்கிய இடத்துக்கு வாருங்கள். பாகத்தைப் பிடித்துச் சுழற்றும் சக், மரையில் திருகி மாட்டும் வகையாக இருந்தால் திருப்பி ஓட்டும்போது கழன்று வர வாய்ப்புண்டு. மெதுவாக, கவனமாக ஓட்டுங்கள்.

எந்த உலோகத்தில் செய்வது?

இஎன் என்று தொடங்குபவை பிரிட்டிஷ் எஃகு வகைகளின் பெயர்கள். இஎன் 1ஏ வெட்டுவதற்கு வெண்ணெய் மாதிரி இருக்கும், பளபளவென்று வரும். அதனாலேயே எல்லாவற்றையும் அதில் செய்துவிடத் தோன்றும். ஸ்பேசருக்கும் வாஷருக்கும் சரி. பளு தாங்கும் எதற்கும் வேண்டாம். சுலபமாக வெட்டுப்படட்டும் என்று அதில் சேர்த்த கந்தகமும், சில வகைகளில் ஈயமும்தான் அதன் பலவீனம். சாதாரண பின், ஸ்டட், லீவர் தண்டுகளுக்கு இஎன் 8. ஸ்பிண்டிலுக்கும் அழுத்தம் வாங்கும் போல்ட்டுக்கும் இஎன் 24டி. பதப்படுத்தியே வருவதால் நாம் மறுபடி சூடாக்க வேண்டியதில்லை. கார்பைடு டூலும் பொறுமையும் போதும்.

ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது என்பதால் சக்கர ஸ்பிண்டிலைக் கூட அதில் செய்துவிடுகிறார்கள். வேண்டாம். வழக்கமான ஏ2-70 வகை ஸ்டெயின்லெஸ் போல்ட் 450 மெகாபாஸ்கலிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கலாம், 8.8 தர எஃகு போல்ட் 640 வரை தாங்கும். ஸ்டெயின்லெஸ் மேல் ஸ்டெயின்லெஸ் இறுக்கினால் மரை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் தொல்லையும் உண்டு. மட்கார்டு போல்ட்டுக்கு அது அருமை, அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய இரும்புக் குவியலில் கிடைத்த தண்டு என்ன உலோகம் என்று தெரியாதவரை அது ஸ்பேசருக்கு மட்டும்தான்.

வெண்கல புஷ் செய்யும் முறையை விளக்க முடியுமா?

தாராளமாக. நான் மிகவும் விரும்பிச் செய்யும் வேலை இது. கனெக்டிங் ராடின் சிறிய முனைக்குப் போடும் புஷ்ஷையே எடுத்துக்கொள்வோம். பாஸ்பர் வெண்கலம் பொருத்தமானது. முதலில் புஷ் உட்காரும் துளையை மூன்று இடங்களில், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு திசைகளில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

புஷ்ஷின் வெளி விட்டம் துளையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். பழைய கணக்கு ஒன்று உண்டு: விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு தௌ. ஓர் அங்குல புஷ் என்றால் ஒரு தௌ, ஒன்றரை தௌ அதிகம். அதற்கு மேல் போனால் உட்காரும்போது வெண்கலம் உரிந்து சுருண்டு வரும்.

உள்ளே முதலில் டிரில், பிறகு போரிங் டூல். டிரில் எப்போதும் கொஞ்சம் அலையும். அந்த அலைச்சலை ஒற்றை முனை டூல் மட்டும்தான் நேராக்கும். துளையை இறுதி அளவுக்குச் சீவும் ரீமர், இருக்கிற துளையின் பாதையில்தான் போகும், அது கோணலாக இருந்தால் ரீமரும் கோணல்தான். வெளிப்புறம், உட்புறம் இரண்டையும் ஒரே பிடியில் முடித்து, கடைசியில்தான் வெட்டி எடுக்க வேண்டும். மூன்று தாடை சக்கிலிருந்து கழற்றி மறுபடி மாட்டினால் இரண்டு மூன்று தௌ ஓடிவிடும். வெளிவட்டமும் உள்வட்டமும் வேறு வேறு மையத்தில் நிற்கும்.

இறுதி அளவு எடுக்கும் முன் ஆறவிடுங்கள். கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும் பாகம் பெரிதாகியிருக்கும் பாகம். 50 மி.மீ. அலுமினியம் 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஒரு தௌ வளரும். வெண்கலம் அதைவிடச் சற்றுக் குறைவு, ஆனால் அதுவும் வளரும்.

உள் விட்டத்தில் நாலைந்து தௌ மிச்சம் வையுங்கள். புஷ்ஷை அழுத்தி ஏற்றியதும் வெளியே எவ்வளவு இறுக்கமோ, ஏறத்தாழ அவ்வளவு உள்ளே சுருங்கும். புஷ்ஷின் முனையில் சின்ன சரிவு வெட்டி, நீளமான போல்ட், நட்டு, ஒரு குழாய்த் துண்டு வைத்து மெதுவாக இழுத்து ஏற்றுங்கள். சுத்தியலால் அடித்தால் சாய்ந்து நுழையும். உள்ளே போன பிறகுதான் எண்ணெய்த் துளை போட்டு, பிசிறை எடுத்து, ரீமர் விட வேண்டும். பிஸ்டனை ராடோடு இணைக்கும் கட்ஜன் பின்னில் எண்ணெய் தடவி நுழைத்தால் கட்டைவிரல் அழுத்தத்தில் போக வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் எதுவும் தெரியக்கூடாது. அந்த உணர்வு கைக்கு ஒருமுறை பழகினால் போதும், பிறகு மறக்காது.

பொடியை அழுத்திச் சுட்டுச் செய்த, எண்ணெய் ஊறிய சின்டர் வெண்கல புஷ் வேறு ரகம். அதில் ரீமர் விட்டால் நுண்துளைகள் அடைபட்டு எண்ணெய் வெளியே வராது. சரியான அளவில் பளபளப்பாக்கிய தண்டு ஒன்றின்மேல் வைத்துத்தான் அழுத்தி ஏற்ற வேண்டும்.

வால்வு கைடும் (வால்வின் தண்டு ஓடும் குழாய்) அதே மாதிரிதானா?

செய்முறை அதேதான், வெப்பம் மட்டும் கூடுதல் விஷயம். இன்லெட்டுக்கு இரண்டு தௌ, எக்ஸாஸ்டுக்கு மூன்று தௌ இடைவெளி என்பது பல பழைய எஞ்சின்களுக்கு ஒத்துவரும். உங்கள் வண்டியின் கையேடு வேறு சொன்னால் அதையே கேளுங்கள். அலுமினிய ஹெட்டை 150 டிகிரிக்கு மேல் அடுப்பில் சீராகச் சூடாக்கியே பழைய கைடை எடுக்கவும் புதியதை ஏற்றவும் வேண்டும். குளிர்ந்த ஹெட்டில் அடித்து எடுத்தால் துளையின் சுவர் கீறிப் போகும். புதுக் கைடு போட்டதும் வால்வு சீட்டை மறுபடி வெட்டுவது கட்டாயம், ஏனென்றால் வால்வின் மையம் நூலிழையாவது நகர்ந்திருக்கும்.

தண்டில் விட்டம் மாறும் இடத்தில் மூலையை ஏன் வளைவாக விடச் சொல்கிறார்கள்?

உடைந்த கிக் ஸ்டார்ட்டர் தண்டு ஒன்று என் மேசையில் இருக்கிறது. ஓரிடத்தில் கடைந்து வாங்கியது. அளவெல்லாம் சரி, ஆனால் விட்டம் மாறும் இடத்தில் மூலையைக் கத்தி போல நறுக்கென்று விட்டிருந்தார்கள். சில மாதங்களில் மிதிக்கும்போதே முறிந்தது. முறிந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் சிப்பி ஓட்டில் இருப்பது போல அடுக்கடுக்கான வளைகோடுகள். எல்லாம் அந்த மூலையில் ஒரு புள்ளியிலிருந்து விரிந்து போகின்றன. மீதி கால்வாசி இடம் மட்டும் சர்க்கரைத் தூள் மாதிரி சொரசொரப்பு. கோடு போட்ட பகுதி ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்த விரிசல். சொரசொரப்பு கடைசி மிதியில் ஒரேயடியாக உடைந்தது.

இதுதான் சோர்வு முறிவு. ரயில் அச்சுகள் இப்படி முறிவதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் சோதித்துக் காட்டிவிட்டார். ஒருமுறை தாங்கும் பளுவை விடக் குறைந்த பளுவே திரும்பத் திரும்ப வந்தால் உலோகத்தை முறித்துவிடும். கூர்மையான மூலையில் அந்த அழுத்தம் குவிகிறது. டூலின் முனையை ஒன்று, ஒன்றரை மி.மீ. ஆரத்துக்கு உருட்டி வைத்து அதே டூலால் மூலையை முடியுங்கள். எதிர்ப் பாகம் மூலை வரை ஒட்டி உட்கார வேண்டுமென்றால் அந்தப் பாகத்தின் விளிம்பில் சரிவு வெட்டுங்கள், தண்டின் வளைவைக் குறைக்காதீர்கள். ஆழமான டூல் கோடுகளும் இதே வேலையைத்தான் செய்யும். எமரி வைத்து அவற்றைப் போக்கிவிடுங்கள்.

தேய்ந்த தண்டின் மேல் வெல்டிங் வைத்து மறுபடி கடையலாமா?

லீவர், பெடல் தண்டு போன்றவற்றில் செய்யலாம். கெட்டியாக்கிய தண்டில் வேண்டாம். சூடு அதன் பதத்தைக் கெடுத்து, வெல்டிங் முடியும் ஓரத்தில் விரிசலுக்கு வழி செய்யும். கெட்டி குரோமியம் பூசி கிரைண்டிங் செய்வது நல்ல வழி. துளைப்பக்கம் தடிமன் இருந்தால் துளையைப் பெரிதாக்கி ஸ்லீவ் போடுவது அதைவிடச் சுலபம்.

கடைந்த பாகத்துக்கு முலாம் பூசலாமா?

பூசலாம், ஆனால் மரையைச் சிறியதாக வெட்டிக்கொண்டு. 60 டிகிரி மரையில் முலாமின் தடிமனைப் போல நான்கு மடங்கு மரையின் நடுவிட்டம் (உச்சிக்கும் அடிக்கும் இடைப்பட்ட விட்டம்) கூடும். 8 மைக்ரான் முலாம் என்றால் 32 மைக்ரான், அதாவது ஒன்றேகால் தௌ. நட்டு ஏறாமல் நிற்க அதுவே போதும். அதிக வலிமை கொண்ட எஃகில் முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்து உலோகத்தை நொறுங்கும்படி ஆக்கிவிடும். பூசிய சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரியில் பல மணி நேரம் வாட்டி எடுக்கச் சொல்லுங்கள். அது முடியாதென்றால் ஸ்பிண்டிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் முலாமே வேண்டாம்.

பாதுகாப்பில் பழைய வண்டிக்கென்று தனியாக ஏதாவது உண்டா?

உண்டு. பழைய பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட்டுகளில் கல்நார் இருக்கலாம். லேத்தில் வைத்துக் கடையவோ காற்றடித்துத் தூசி தட்டவோ கூடாது. சில பந்தய வண்டிகளின் கேஸ்கள் மக்னீசியக் கலவையில் வார்த்தவை. அதன் சுருள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, காய்ந்த மணல் வேண்டும். காட்மியம் முலாம் பூசிய பழைய போல்ட்டைச் சூடாக்கினால் வரும் புகை விஷம். மற்றவை எந்த லேத்துக்கும் பொது: சுழலும் சக்குக்குப் பக்கத்தில் கையுறை வேண்டாம், சக் சாவியை ஒரு நொடி கூட சக்கில் விட்டுவைக்க வேண்டாம்.

செய்த பாகத்தில் அடையாளம் ஏதாவது போட வேண்டுமா?

அளவு மாற்றியிருந்தால் கட்டாயம் போடுங்கள். துளையைப் பெரிதாக்கியிருந்தால் எவ்வளவு என்று, பளு வராத முகத்தில் எலெக்ட்ரிக் பேனாவால் எழுதுங்கள். கையால் வரைந்த படம் ஒன்றையும், உலோகத்தின் பெயரோடு, வண்டியின் காகிதங்களுடன் வையுங்கள்.

ஒரு கியர்பாக்ஸைத் திறந்தபோது புது புஷ் எந்த அளவில் செய்தும் லூஸாகவே போனது. கையேட்டில் இருந்த அளவுக்கும் துளைக்கும் பொருந்தவே இல்லை. கழற்றிப் போட்ட பழைய புஷ்ஷை விளக்குக்கு அடியில் திருப்பிப் பார்த்தேன். முகப்பில், எழுத்தாணியால் கீறியது போல மெல்லியதாக '+5' என்று இருந்தது. எனக்கு முன் யாரோ ஒருவர் துளையை ஐந்து தௌ பெரிதாக்கி, அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஐந்து தௌ கூட்டிக் கடைந்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. ஏற்றுவதற்கு முன் என் புஷ்ஷின் முகப்பிலும் அதே '+5' ஐக் கீறினேன்.